மலைச்செடிக்கு மழைத்தண்ணீர்

மேஸ்திரி தன் மகள் வீட்டுக்கு வந்தது கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகத்தான். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் மூட்டு பிசகிப்போக, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் என்று சொல்லி மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். கட்டுப் பிரித்தார்கள். வெயில் காலம் போனது, மழைக் காலம் வந்தது, மேஸ்திரி மட்டும் போகவில்லை. போக இடமில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த மனுஷன் தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்ளவில்லை. இதைக் கேட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். கட்டியிருக்கலாம். கையில் வந்ததையெல்லாம் கூட்டாளிகளோடு தாராளமாகத் தின்று தீர்த்தார், அவ்வளவுதான்.

மகளைக் கொடுத்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவே கூசுகிற ஆள் அவர். இப்போது மூன்று வேளையும் அங்கேதான் தட்டு. மகள் தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம் ‘தண்டச்சோறு’ என்ற வார்த்தை அவர் காதுக்குள் கேட்கும். வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான் சொல்லிக்கொண்டார். அதனால் சாப்பிட்டதை உழைத்துக் கழிப்பது என்று இறங்கினார். குளியலறையில் தண்ணீர் தேங்குகிற மூலையை உடைத்து வாட்டம் சரி செய்தார். மாடிப்படியில் பெயர்ந்திருந்த விளிம்புகளைக் கட்டினார். சுற்றுச்சுவரின் வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார். “அப்பா, அப்படியே அடுத்த வீட்டுச் சுவருக்குப் போயிடாதீங்க” என்று மகள் கிண்டல் செய்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பூசுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். அதுதான் பெரிய தொந்தரவு. மாமனார் ஒரு வாளியைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். மண்வெட்டியைத் தொட்டால், “நீங்க உட்காருங்க மாமா” என்பார். துடைப்பத்தைத் தொட்டாலும் “நீங்க உட்காருங்க மாமா”தான். பின்வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதற்கு ஒரு மெத்தையும் வாங்கி வைத்திருந்தார். அந்த நாற்காலியைப் பார்த்தாலே மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அதில்தான் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் நர்சரி. முன் வரிசைகளில் ரோஜாவும் குரோட்டன்ஸும் இருந்தன, வயிற்றுப்பாட்டுக்கு அவை. கோடியில், பச்சை நிழல்வலைக்கு அடியில் தனியாக மலைச்செடி. மாப்பிள்ளையின் உயிர் அங்கேதான் இருந்தது.

அந்தச் செடிக்கு நீளமாக வேறு பெயர் உண்டு. மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தார், மேஸ்திரி வாயில் நுழையவில்லை. மேகம் தரையில் இறங்குகிற உயரத்தில், காட்டு மரங்களுக்கு அடியில் வளர்கிற புதர் அது. தடித்த இலை. மேலே பளபளவென்று இருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்பாக மெல்லிய பஞ்சு. கிளை நுனியில் ஒரு கைப்பிடி மொட்டு சேர்ந்து நிற்கும். எல்லாம் ஒன்றாக விரியும்போது நல்ல சிவப்பு. மலையில் தீப்பிடித்து ஒரு சரிவு முழுக்க இந்தப் புதர்கள் கருகிப்போயிருந்தன. தப்பித்த ஒன்றிரண்டிலிருந்து மாப்பிள்ளை விதை எடுத்துவந்தார். விதை என்றால் தும்மினால் பறந்துவிடுகிற தூசி. அதை முளைக்கவைத்து, நாற்றாக்கி, சட்டிக்கு மாற்றி, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார். அடுத்த மழைக்கு வனத்துறை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய், கருகிய சரிவிலேயே திரும்ப நடுவதாக ஏற்பாடு.

இந்தச் செடிக்கு ஒரு வீம்பு. ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத்தண்ணீர் மட்டும்தான் குடிக்கும். அதற்காகவே கொட்டகைக் கூரையில் விழுகிற மழையைக் குழாய் வழியாக இறக்கி, தரைக்கடியில் ஒரு தொட்டி கட்டி, ஆள் இறங்குகிற அளவு வாய் விட்டு, இரும்பு மூடி போட்டிருந்தார்கள்; திறந்தாலும் உள்ளே இருட்டுத்தான். மூடியைத் தூக்கி, வாளி விட்டு இறைத்து, பூவாளியில் ஊற்றி, நர்சரியின் அந்தக் கோடி வரைக்கும் சுமக்க வேண்டும். செடிக்குப் பக்கத்திலேயே ஆழ்குழாயின் ரப்பர் குழாய் கிடக்கும். திருகினால் கொட்டும். ஆனாலும் சுமக்கத்தான் வேண்டும்.

சுமக்கிறவள் குச்சி. அது பட்டப்பெயர், ஆள் இருந்த லட்சணத்துக்குச் சின்ன வயதில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. மாப்பிள்ளையைவிட மூத்தவள் என்பதால் அவரும் மகளும் குச்சியக்கா என்பார்கள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. குச்சிக்கு வாய் அதிகம், வேலை அதைவிட அதிகம்.

மேஸ்திரியை உட்காரச் சொல்லாத ஒரே ஆள் அவள்தான். “என்ன மேஸ்திரி, நாற்காலியோட சேர்த்து உங்களையும் பூசிட்டாங்களா? எந்திரிச்சு வாங்க, இந்த மூடியைத் தூக்குங்க” என்பாள். மாப்பிள்ளை கடைவீதிக்குப் போகிற நேரமாகப் பார்த்து இவர் மூடியைத் தூக்கிக்கொடுப்பார், இறைத்துத் தருவார். ஒரு பூவாளியை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே பாதி தூரம் போவார். “கால்தான் மக்கர் பண்ணுது, கை இன்னும் முறுக்காத்தான் இருக்கு” என்று அவள் சர்டிபிகேட் கொடுப்பாள். நாள் முழுக்க அவர் காத்துக்கிடந்தது அதற்குத்தான்.

மழைக் காலம் முடிகிற சமயத்தில் தொட்டியில் விரிசல் விட்டது. நிரம்பிய தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே போனது. மாப்பிள்ளை ஒரு டின் வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே தார் மாதிரி ஏதோ கறுப்புப் பசை.

“விரிசல் மேல இதைத் தடவிவிட்டாப் போதும். ஆளை வரச் சொல்லியிருக்கேன்” என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒரு மேஸ்திரி குந்தியிருக்கும்போது தொட்டி அடைக்க வெளியாளா? “ஆளை வர வேணாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை. நான் பாத்துக்கறேன்.”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்... சரி. ஆனா இந்த டின் மட்டும்தான் மாமா. வேற எதுவும் வேணாம்.”

ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மாமனாருக்கு வகுப்பெடுக்கக் கூடாது என்ற மரியாதை. ஏன் என்று இவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய்ப் பாடம் கேட்பதா என்ற ரோஷம். ஒருத்தருக்கொருத்தர் இப்படிக் கௌரவம் பார்த்ததில்தான் எல்லாம் நடந்தது.

மகளும் மாப்பிள்ளையும் வெளியூர் போன நாளில் மேஸ்திரி தொட்டிக்குள் இறங்கினார். குச்சிக்கும் அன்று லீவு. டின்னை அவர் திறக்கக்கூட இல்லை. ஒரு டின்னைத் திறந்து விரலால் தடவுவதற்கு மேஸ்திரி எதற்கு, சின்னப் பிள்ளை போதுமே! சுற்றுச்சுவருக்கு ஊறப்போட்ட சுண்ணாம்பு கொட்டகை மூலையில் மிச்சமிருந்தது. நன்றாக ஊறி வெண்ணெயாக இருந்தது. மணலைச் சலித்துச் சேர்த்தார். விரிசலோடு நிறுத்தாமல் நாலு சுவரையும் தரையையும் பூசினார். அது கொஞ்சம் இறுகிப் பிடித்ததும், வெறும் சுண்ணாம்பை மெல்லிசாக இழுத்துக் பூச்சுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மேலே ஏறி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்சுவரில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்றைக்கு ராத்திரி சாப்பிடுகிற சாப்பாடு தான் சம்பாதித்தது என்று நினைத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டார். டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

புதிதாகச் சுண்ணாம்பு பூசிய தொட்டியில் முதலில் நிரப்புகிற தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். அடுத்து நிரப்புவதையும் கொட்ட வேண்டும். நாக்கில் வைத்தால் காரல் போகிற வரைக்கும் நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும். கொத்து வேலைக்கு வந்த புதிதிலேயே அவர் கற்றுக்கொண்டது இது. பூச்சு இறுகியதும் ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டு அப்படித்தான் செய்வதாக இருந்தார். அதற்குள் மழை முந்திக்கொண்டது. அந்த வருஷத்துக் கடைசி மழை. விடிய விடியக் கொட்டித் தொட்டியை வாய்வரை நிரப்பிவிட்டுப் போனது.

காலையில் மூடியைத் தூக்கிப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்குள் ஓடிவந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தில் அவரை மேஸ்திரி பார்த்ததில்லை. “மாமா! ஒரு சொட்டு இறங்கலை! கோடை முழுக்கத் தாங்கும். உங்க கை பட்டா சும்மாவா!”

மகள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சிரித்தாள். இவ்வளவு நாளும் அப்பாவுக்காகத் தாழ்ந்திருந்த அவள் தலை அன்றைக்கு நிமிர்ந்தது மேஸ்திரிக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் போய், டின்னைத் திறக்கவே இல்லை, இத்தனை தண்ணீரையும் இறைத்துக் கீழே கொட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? செடிக்குத்தானே, நாமா குடிக்கப்போகிறோம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். “நம்ம வேலைதானே மாப்பிள்ளை” என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தார்.

மழை நின்று வெயில் ஏறியதும் செடிகளுக்கு அந்தத் தண்ணீர்தான் போயிற்று. முதலில் இளம் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சள். பிறகு ஓரம் கருகிச் சுருண்டது. அந்த வருஷம்தான் முதல்முறையாகச் சில செடிகள் மொட்டு வைத்திருந்தன. அவை விரியாமலே பழுத்து உதிர்ந்தன. மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். “பாவம், தாகமா இருக்கும்” என்று குச்சி இன்னும் ஒரு நடை கூடுதலாகச் சுமந்தாள். மேஸ்திரியும் இறைத்துக் கொடுத்தார். அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொன்னால் பொய். உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. அதைத் தட்டித் தட்டித் தூங்கவைத்தார்.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை ஒரு சட்டிக்கு அடியில் வடிந்த தண்ணீரில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை நனைத்தார். மண் கெட்டிருக்கிறதா என்று பார்க்கிற காகிதம். நிறம் மாறியது. அடுத்த சட்டி, அதற்கடுத்த சட்டி என்று நனைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நிமிர்ந்தபோது முகமே வேறாக இருந்தது. மேஸ்திரி நாற்காலியில் இருந்தார்.

“குச்சியக்கா, இங்க வாங்க. இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்க?”

“மழைத்தண்ணிதான் தம்பி. வேற எதை ஊத்தப்போறேன்?”

“பொய் சொல்லாதீங்க. மண்ணு பூரா சுண்ணாம்பு ஏறிக்கிடக்கு. மழைத்தண்ணியில ஏது சுண்ணாம்பு? ஆழ்குழாய்த் தண்ணியிலதான் இருக்கு. அவ்வளவு தூரம் யாரு சுமக்கிறதுன்னு பக்கத்துல கிடக்கிற குழாயைத் திருகி விட்டிருக்கீங்க.”

சுண்ணாம்பு என்ற வார்த்தை மேஸ்திரி காதில் விழுந்தது. அது வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்த உறுத்தல் எழுந்து உட்கார்ந்துவிட்டது. டின் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வேற எதுவும் வேணாம் என்று மாப்பிள்ளை சொன்னது எதற்கு என்றும் புரிந்தது.

குச்சி இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. “இது குழாய் பிடிச்ச கையா தம்பி? நல்லாப் பாருங்க.”

மாப்பிள்ளை அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார். “எத்தனை வருஷ வேலை தெரியுமா! உங்க சோம்பேறித்தனத்துல எல்லாம் போச்சு! செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாலாவது மனசு ஆறும். மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றீங்க!”

சத்தம் கேட்டு மகள் வந்தாள். அவள் கத்தவில்லை. “முடியலைன்னா முடியலைன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா” என்று தழைந்த குரலில் கேட்டாள். குச்சிக்கு அந்தக் கத்தலைவிட இதுதான் குத்தியது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பார்வை நாற்காலியில் வந்து நின்றது. முகம் தெளிந்தது.

“இதோ மேஸ்திரி இருக்காரே! தினம் பாத்துக்கிட்டுதானே இருந்தாரு. சொல்லுங்க மேஸ்திரி, நான் எங்க இருந்து தண்ணி எடுத்தேன்? நீங்களே சொல்லுங்க.”

அவள் நிம்மதியாகக் கேட்டாள். சாட்சி கிடைத்துவிட்டதென்ற நிம்மதி. மூடியைத் தூக்கிக் கொடுத்தவரே அவர்தானே. தொட்டியிலிருந்துதான் எடுத்தாள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், அப்படியானால் தொட்டிக்குள் சுண்ணாம்பு எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். மகள் அங்கேயே நிற்கிறாள். அன்றைக்கு நிமிர்ந்த தலை.

“மாமாவை எதுக்கு இதுல இழுக்கறீங்க? நீங்க உட்காருங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. மேஸ்திரி எழுந்திருக்கவே இல்லை.

“நான்... சரியாக் கவனிக்கலைம்மா” என்றார்.

குச்சி அவரையே பார்த்தாள். “கணக்கை முடிச்சுக்கலாம்க்கா, இனிமே வர வேணாம்” என்று மாப்பிள்ளை சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. கையிலிருந்த பூவாளியைச் சட்டிகளுக்குப் பக்கத்தில் சாயாமல் நிமிர்த்தி வைத்தாள். கொட்டகை ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்றைக்கு மேஸ்திரி சாப்பிடவில்லை. காலில் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். வெட்கம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தார். தண்டச்சோறு என்று கூசியதெல்லாம் வெட்கத்தில் சேர்த்தியே இல்லை. அது வீண் ஜம்பம். இதுதான் வெட்கம். அந்த வட்டாரத்தில் நர்சரி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம். தண்ணீர் ஊற்றுகிறவள் தண்ணீரில் பொய் சொன்னாள் என்று ஒருவன் வாயிலிருந்து கிளம்பினால் போதும், அப்புறம் எவனும் அவளை வாசலில்கூட நிறுத்த மாட்டான். அதுவும் தெரிந்துதான் ‘கவனிக்கலைம்மா’ என்றார். ‘அம்மா’ என்று ஒரு மரியாதை வேறு! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் மகள் அறையைப் பெருக்க வந்தாள். கட்டிலுக்கு அடியில் விட்ட துடைப்பம் எதிலோ இடித்தது. இழுத்தாள். கறுப்பு டின். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை.

“இதைத் திறக்கவே இல்லையேப்பா. அப்ப தொட்டிக்கு என்ன பூசினீங்க?”

“சுண்ணாம்பு” என்றார் மேஸ்திரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

மகள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

“அவருகிட்ட சொல்லிடாதீங்கப்பா” என்றாள். குரல் அடித்தொண்டையில் வந்தது. “பாக்கிறவங்ககிட்ட எல்லாம் எங்க மாமா கட்டின தொட்டின்னு பெருமை பேசிட்டு வந்திருக்காரு. நான் எப்படி அவரு மூஞ்சியில முழிப்பேன்? தொட்டி பாசி பிடிச்சிருக்குன்னு சொல்லி ஆள் வெச்சுச் சுரண்டிடலாம். குச்சியக்கா கெட்டிக்காரி, எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவா. நீங்க எங்கப்பா போவீங்க?”

அந்த வீட்டில் அத்தனை மாதமும் யாரும் வாய்விடாமல் வைத்திருந்த கேள்வி அது. கேட்டதும் மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பென்சில் திருடி வந்ததற்காக ஒரு காலத்தில் இவர் அடித்து, வகுப்பு வரைக்கும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திருப்பிக்கொடுக்கவைத்த பெண், இன்றைக்கு அப்பனுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு பொய்க்கு வழி தேடுகிறாளே என்று உடம்பு கூசியது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டின்னை மட்டும் அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். “அப்பா, வேணாம்ப்பா” என்று அவள் சொன்னது பின்னால் கேட்டது.

மாப்பிள்ளை நிழல்வலைக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு செடியைச் சட்டியோடு கவிழ்த்து வேரிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி டின்னை அவர் எதிரில் வைத்தார். நின்றுகொண்டே சொன்னார். டின்னைத் திறக்காதது, சுண்ணாம்பு பூசியது, முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னார். “குச்சி தினம் தொட்டியில இருந்துதான் எடுத்தா. மூடியைத் தூக்கிக் குடுத்ததே நான்தான்.”

மாப்பிள்ளை டின்னைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். வாய் திறந்தது. மேஸ்திரி தயாராக நின்றார். குச்சிக்குக் கிடைத்ததில் பாதியாவது தனக்குக் கிடைத்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்றிருந்தது.

“திட்டுங்க மாப்பிள்ளை. அவளைப் பாத்துக் கத்தினீங்களே, அப்படிக் கத்துங்க.”

மாப்பிள்ளை திறந்த வாயை மூடினார். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “பரவால்ல மாமா. தெரியாம செஞ்சதுதானே. கால் வலிக்கப்போகுது, நீங்க உட்காருங்க.”

கூலிக்கு வருகிறவளைப் பார்த்துக் கத்தலாம். மாமனாரைப் பார்த்துக் கத்த முடியாது. மேஸ்திரி அங்கேயே கூனிக்குறுகிப் போனார். “தெரியாம இல்ல” என்றார். மாப்பிள்ளை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். “அக்காவைப் போய்க் கூட்டிட்டு வர்றேன். அவ்வளவு பேச்சு பேசிட்டேன், சே!”

“நானும் வர்றேன்.”

“நீங்க எதுக்கு மாமா...”

“நானும் வர்றேன்” என்று மேஸ்திரி வண்டியில் ஏறிக்கொண்டார். வழக்கம்போல மாப்பிள்ளை கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

குச்சியின் வீடு வரிசையாக இருந்த ஒற்றை அறைகளில் ஒன்று. வாசல்படியில் அவளுடைய மகள் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். குச்சி வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வண்டியை நிறுத்திய வேகத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பு என்மேலதான்க்கா. விசாரிக்காம கத்திட்டேன். மன்னிச்சிடுங்க.” தொட்டி விஷயத்தை அவரே சுருக்கமாகச் சொன்னார்; மாமாவுக்குத் தெரியாது, தெரியாமல் பூசிவிட்டார் என்று சொன்னார்.

குச்சி ஒரு துணியை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். “சரி தம்பி” என்றாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள்.

“அன்னைக்கு உங்களைக் கேட்டேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

இல்லை என்று சொல்ல வழி இருந்தது. மாப்பிள்ளையே அந்த வழியைப் போட்டுக் கொடுத்திருந்தார். படிக்கட்டில் இருந்த பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“தெரியும்” என்றார் மேஸ்திரி.

குச்சி தலையை ஆட்டினாள். பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள், ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். “நாளைக்கு வந்துடறேன் தம்பி. செடி என்ன பாவம் பண்ணுச்சு” என்றாள். மேஸ்திரி பக்கம் திரும்பாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வண்டியில் ஏறும்போது மாப்பிள்ளை கையைப் பிடிக்கவில்லை. மேஸ்திரி தானாகவே தட்டுத் தடுமாறி ஏறினார், தானாகவே இறங்கினார்.

தொட்டியை இறைத்துக் கொட்டினார்கள். அந்த வருஷத்துக் கடைசி மழை முழுவதும் வாய்க்காலில் ஓடியது. உள்ளே இறங்கிப் பூச்சைக் கொத்தியெடுத்ததும் மேஸ்திரிதான். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு அவர் போனதை மாப்பிள்ளை பார்த்தார், உட்காருங்க என்று சொல்லவில்லை. நல்ல பூச்சு அது. லேசில் விடவில்லை. மெருகேறிய சில்லுகள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுந்தன, அவர் அவற்றைக் கூடையில் அள்ளி அள்ளி மேலே கொடுத்தார். மகள் வாங்கிக் கொட்டினாள். கடைசியில் டின்னைத் திறந்து, விரலால் தடவினார்.

மலைச்செடிகளைச் சட்டியிலிருந்து எடுத்து வேரைக் கழுவி, மக்கிய இலைத்தூள் போட்டுப் புதுச் சட்டிகளில் வைத்தார்கள். மலையடிவார ஓடையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் வந்தது. பாதிச் செடிகள் போய்விட்டன. மீதியில் எது பிழைக்கும் என்று மாப்பிள்ளைக்கே சொல்லத் தெரியவில்லை. மொட்டு வைத்த செடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, சொன்னபடி மறுநாள் குச்சி வந்தாள். பையை அதே ஆணியில் மாட்டினாள். “என்ன தம்பி, நான் இல்லாத ரெண்டு நாள்ல ரோஜாவெல்லாம் தலை வாராத மாதிரி நிக்குது” என்று மாப்பிள்ளையைச் சீண்டினாள். மகள் கொண்டுவந்த டீயை வாங்கி, சர்க்கரை போட மறந்துட்டியா என்று கேட்டாள். மகள் சிரித்தாள். எல்லாம் பழையபடிதான் இருந்தது. பின்வாசலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கு நெஞ்சு லேசானது. மாப்பிள்ளை கடைவீதிக்குக் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே போய், பீப்பாயின் மூடியைத் திறந்து, தண்ணீரை மொண்டு பூவாளியை நிரப்பினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வாள். கிண்டலாகவோ கோபமாகவோ, எதுவாக இருந்தாலும் சரி, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டாலும் சரி.

குச்சி வந்தாள். அவர் கையிலிருந்து பூவாளியை மெதுவாக, அவர் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

“நீங்க உட்காருங்க ஐயா” என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். மேஸ்திரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.